திரெட் போன ஓட்டையைக் காப்பாற்றுவது: பட்டர்வொர்த் பட்டறை அனுபவம்

போல்ட் போனால் கவலை இல்லை. ஒன்றிரண்டு வெள்ளிக்குப் பக்கத்துக் கடையில் வேறு கிடைக்கும். அது உட்காரும் ஓட்டையில் திரெட், அதாவது உள்ளே சுருளாக வெட்டிய மரை, போனால்தான் தலைவலி. கேசிங்கை மாற்று, சிலிண்டர் ஹெட்டை மாற்று என்பார்கள். வண்டி கொஞ்சம் பழசாக இருந்தால் வண்டியையே தள்ளிவிடச் சொல்வார்கள். பட்டர்வொர்த்தில் நான் நடத்தும் சின்னப் பட்டறைக்கு இந்த மாதிரி ஓட்டைகள்தான் அதிகம் வருகின்றன. கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளின் ஆயில் போல்ட், லோரியின் எக்ஸாஸ்ட் ஸ்டட் (தலையில்லாத திரெட் கம்பி), மீன்பிடிப் படகின் அவுட்போர்டு எஞ்சின், மாவு மில்லின் பேரிங் மூடி, தைப்பூசம் நெருங்கினால் காவடிச் சட்டம். இவற்றில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிடலாம். தூக்கிப்போடச் சொன்ன சாமானை மறுபடி ஓட வைத்து அனுப்பும்போது வருகிற நிறைவு புது சாமான் மாட்டுவதில் எனக்கு வருவதில்லை.

இத்தனை காலம் இந்த வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று. திரெட் நன்றாக வருமா வராதா என்பது, அதை வெட்டும் கருவியான டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. உள்ளே இருந்தது என்ன திரெட், உலோகம் எது, டிரில் பிட் என்ன அளவு, ஓட்டை எவ்வளவு நேராக இருக்கிறது என்று பார்த்துச் செய்தவருக்கு டேப் அடிப்பது நிம்மதியான வேலை. இவற்றில் ஒன்றை விட்டாலும், விலை உயர்ந்த டேப் கையில் இருந்து பிரயோஜனம் இல்லை.

முதலில் என்ன திரெட் என்று பார்ப்பது. இங்கே அடிக்கடி நடப்பது இது. "அண்ணே, புது போல்ட்தான் வாங்கிப் போட்டேன். ரெண்டு மூணு சுத்து நல்லாப் போச்சு. அப்புறம் டைட்டா இருந்துச்சு, பைப் மாட்டி இறுக்கிட்டேன்" என்று யாராவது வந்து நிற்பார். போல்ட்டை வாங்கிப் பார்த்தால் எம்10 × 1.5, அதாவது விட்டம் 10 மில்லிமீட்டர், பிட்ச் என்கிற பல்லுக்குப் பல் இடைவெளி 1.5. ஓட்டையில் இருந்தது எம்10 × 1.25. சாதாரண ஹார்ட்வேர் கடைகளில் எம்10 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது 1.5 பிட்ச்தான், அதுதான் பொதுவான அளவு. ஜப்பானிய வண்டிகளிலும் அந்த வழியில் வந்த நம் ஊர் வண்டிகளிலும் எம்10 போல்ட் பெரும்பாலும் 1.25 பிட்ச். எம்12இலும் இதே கதை: கடையில் 1.75, வண்டியில் பெரும்பாலும் 1.25. எம்6, எம்8 இரண்டிலும் இந்தக் குழப்பம் குறைவு, 1.0, 1.25 என்று இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். வேறு பிட்ச் உள்ள போல்ட் முதல் சில சுற்று ஏமாற்றிக்கொண்டு போகும், பிறகு ஓட்டையின் திரெட்டைச் சீவிக்கொண்டு போகும். விரலால் கடைசி வரை போகாத போல்ட்டுக்கு ஸ்பேனரைத் தொடவே கூடாது.

பிட்ச் கேஜ் ஒன்று எல்லோரிடமும் இருக்க வேண்டும். மெல்லிய தகடுகளில் பல் வெட்டியிருக்கும், போல்ட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடைவெளி தெரிந்துவிடும். வெர்னியர் அளவுகோலில் விட்டத்தையும் கேஜில் பிட்சையும் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. தோட்டத்திலிருந்து யாராவது பழைய ரப்பர் ஷீட் உருளை மெஷினைக் கொண்டு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் இங்கிலாந்தில் செய்தவை நிறைய, உள்ளே இருப்பது விட்வொர்த் திரெட். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த அளவு அது, பல்லின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக்கும் அமெரிக்க அளவும் 60 டிகிரி. கால் அங்குலத்தில் விட்வொர்த், அமெரிக்க கோர்ஸ் (பெரிய பல்) இரண்டுக்குமே அங்குலத்துக்கு 20 பல், அதனால் ஒன்றில் மற்றது ஏறிவிடும், பிடிப்பு மட்டும் சரியாக இராது. அரை அங்குலத்தில் விட்வொர்த்துக்கு 12 பல், அமெரிக்க அளவுக்கு 13. ஏறவே ஏறாது, ஏற்றினால் கெட்டுப்போகும். ஆயில் பிரஷர் சுவிட்ச் இன்னொரு இடம். ஜப்பானிய எஞ்சின்களில் அது உள்ளே போகப் போகக் குறுகும் எட்டில் ஒரு அங்குல டேப்பர் பைப் திரெட், அங்குலத்துக்கு 28 பல். அமெரிக்க பைப் டேப்பில் 27 பல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆயில் கசிந்த பிறகுதான் வித்தியாசம் தெரியவரும்.

அடுத்து டிரில் பிட். மெட்ரிக்கில் கணக்கு சுலபம்: போல்ட் விட்டத்திலிருந்து பிட்சைக் கழிக்க வேண்டும். எம்6க்கு 5.0 மில்லிமீட்டர், எம்8க்கு 6.75 வரும், 6.8 பிட் போடுகிறோம். எம்10 × 1.5க்கு 8.5, எம்10 × 1.25க்கு 8.8. எம்12 × 1.75க்கு 10.2, எம்12 × 1.25க்கு 10.8. இந்தக் கணக்கில் ஓட்டை போட்டால் திரெட்டின் முழு உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் கிடைக்கும். "இன்னும் சின்ன ஓட்டையா போட்டா திரெட் ஸ்ட்ராங்கா இருக்கும்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. முக்கால் பங்கை முழுப் பங்காக்கினால் பலம் கூடுவது ஐந்து சதவீதம் அளவுக்குத்தான். டேப்பைத் திருப்ப வேண்டிய விசையோ கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். ஓட்டை சின்னதாகப் போய் உடைந்த டேப்கள் ஏராளம்.

பிட்டின் மேல் எழுதியிருக்கும் அளவும் ஓட்டையின் அளவும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. கையால் சாணை பிடித்த பிட்டில் ஒரு வெட்டுமுனை நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருந்தால், 6.8 பிட் 7.0க்குப் போட்டுவிடும். அப்படிப்பட்ட ஓட்டையில் டேப் வெண்ணெயில் போவதுபோல் போகும், போல்ட் இறுகும் நேரத்தில் திரெட் கையோடு வந்துவிடும். எஞ்சினைத் தொடுவதற்கு முன் அதே உலோகத்தின் ஒரு கழிவுத் துண்டில் ஓட்டை போட்டு, டேப் அடித்து, போல்ட்டை இறுக்கிப் பார்த்துவிடுவேன். நேரம் பிடிக்கிற வேலைதான். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாலும் இதை விடுவதில்லை.

வேகமும் முக்கியம். இரும்புக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டின் ஓரம் நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் ஓடலாம். 6.8 பிட்டுக்கு அது ஏறக்குறைய 1,170 சுற்று. கை டிரில்லின் விசையை முழுக்க அழுத்திப் பிடித்தால் இதைவிட எவ்வளவோ வேகமாகச் சுற்றி முனை நீலமாகிவிடும். ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும், பிட் உரசாமல் வெட்டிக்கொண்டே இருக்கும்படி அழுத்தமும் கொடுக்க வேண்டும். உரசவிட்டால் அந்த இடம் கெட்டியாகிவிடும், பிறகு பிட் இறங்காது.

நேராகப் போடுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா. ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு பிறையில் தங்கியிருந்தார். வேலை கேட்டுப் போன என்னிடம் ஒரு வார்ப்பிரும்புக் கட்டியைக் கொடுத்து வரிசையாக ஓட்டை போட்டு டேப் அடிக்கச் சொன்னார். சாயங்காலம் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு நீள ஸ்டட்டை ஏற்றி, மூலைமட்டத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டு திசையிலும் பார்த்தார். "ஒரு பக்கம் மட்டும் பாத்தா போதாது தம்பி. முன்னாடி நேரா இருக்கும், பக்கவாட்டுல சாஞ்சிருக்கும்" என்பார். இன்றைக்கும் டேப் இரண்டு சுற்று இறங்கியதும் நிறுத்தி, ஒரு திசையில் பார்த்து, 90 டிகிரி தள்ளி நின்று மறுபடி பார்க்கிறேன். அந்த இரண்டு சுற்றுக்குள் திருத்தலாம். நாலைந்து சுற்று போன பிறகு டேப்பைச் சாய்த்துத் திருத்தப் பார்த்தால் உடையும், இல்லை ஓட்டையின் வாய் அகலமாகும்.

டிரில் பிரஸ் இருக்கும் இடத்தில் இதற்குச் சுலபமான வழி உண்டு. ஓட்டை போட்ட பிறகு சாமானை நகர்த்தாமல், பிட்டைக் கழற்றிவிட்டுச் சக்கில் ஒரு கூர்முனைக் கம்பியைப் பிடிக்க வேண்டும். டேப்பின் தலையில் உள்ள சின்னக் குழியில் அந்த முனை உட்காரும். மெஷினை ஓட்டாமல், கைப்பிடியை லேசாக அழுத்திக்கொண்டே டேப்பைக் கையால் திருப்பினால் அது சாயவே முடியாது. எஞ்சின் வண்டியிலேயே இருக்கும்போது இது நடக்காது. அதற்கு நான் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் கட்டைகள் வைத்திருக்கிறேன். டிரில் பிரஸ்ஸில் நேராக 6 மில்லிமீட்டர், 8, 10 என்று டேப்பின் உடம்பு அளவுக்கே ஓட்டை போட்டவை. கட்டையை கேசிங்கின் முகத்தோடு கிளாம்ப் போட்டுப் பிடித்தால் டேப் அதன் வழியாக நேராக இறங்கும்.

டேப்பைத் திருப்ப டேப் ரெஞ்ச்தான் வேண்டும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒரு பக்கமாக இழுக்கும், டேப் சாயும். கை டேப் என்றால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே வரும்போது சீவல் உடைவது கைக்குத் தெரியும். கைப்பிடி நகர்கிறது, ஆனால் விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது என்றால் டேப் வெட்டவில்லை, முறுகுகிறது. அங்கே நிறுத்தி, முழுக்க வெளியே எடுத்து, சீவலைத் துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி போக வேண்டும். இந்த உணர்வைக் கை பழகிக்கொண்டால் பாதித் தொழில் வந்த மாதிரி.

செட்டில் மூன்று டேப் வருவதற்குக் காரணம் இருக்கிறது. முதலாவதின் முனை நீளமாகச் சரிந்திருக்கும், அது நேராக ஆரம்பிக்க. இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது கிட்டத்தட்ட முனை வரை பல் உள்ளது, அடி மூடிய ஓட்டையின் அடிவரை திரெட் கொண்டுபோக. மூன்றாவதைக் கொண்டு ஆரம்பிப்பவர்கள் கோணலாகத்தான் ஆரம்பிப்பார்கள். மெஷின் டேப்களில் முனையில் சரிவாக வெட்டியது சீவலை முன்னே தள்ளும், அது மறுபக்கம் திறந்த ஓட்டைக்கு. சுருள் பள்ளம் உள்ளது சீவலை மேலே இழுக்கும், அது மூடிய ஓட்டைக்கு. மாற்றிப் போட்டால் அடியில் சீவல் அடைத்துக்கொள்ளும். டேப் போடுவதற்கு முன் ஓட்டையின் வாயைக் கவுன்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சரித்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் திரெட் மேலே கிளம்பி நிற்கும், கேஸ்கெட் படிகிற முகமாக இருந்தால் கசியும்.

எண்ணெய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புக்குக் கந்தகம் கலந்த கட்டிங் ஆயில். வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம், அதில் உள்ள கிராஃபைட்டே போதும். எண்ணெய் விட்டால் தூளோடு சேர்ந்து களியாகும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் அல்லது டபிள்யூ.டி.-40. அலுமினியத்தைக் காய வைத்து வெட்டினால் அது டேப்பின் பல்லில் ஒட்டிக்கொண்டு, போகிற வழியில் உள்ள திரெட்டைப் பிய்த்துவிடும்.

இப்போது கப்சாய் ஆயில் போல்ட். உணவு டெலிவரி ஓட்டும் தம்பிகள் நாள் முழுக்க ஓடுகிறார்கள், அடிக்கடி ஆயில் மாற்றுகிறார்கள். ஹோண்டா இஎக்ஸ்5இல் அந்த போல்ட் எம்12 × 1.5, தலை 17 ஸ்பேனருக்கு. கேசிங் அலுமினியம். 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் போதும், நீளமான ஸ்பேனரில் அது ரொம்ப லேசான இறுக்கம். பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போடுவதால் கசியும், கசிகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள், ஒரு நாள் போல்ட் சும்மா சுற்றும். சில்லறைக் காசு பெறுகிற வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

இதற்குக் கடையில் தானே திரெட் வெட்டிக்கொண்டு போகும் பெரிய அளவு போல்ட் கிடைக்கிறது. நான் அதைப் போடுவதில்லை. கோணலாக இறங்கும், முகம் சமமாக உட்காராது, சீவலெல்லாம் எஞ்சினுக்குள் போகும், அடுத்த முறை கெட்டால் அதற்கு மேல் சரிசெய்யக் கேசிங்கில் சதை இருக்காது. ஹெலிகாயில் போடலாம்: பெரிதாக ஓட்டை போட்டு, அதற்கென்று உள்ள டேப்பால் திரெட் வெட்டி, ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை உள்ளே ஏற்றுவது. போல்ட் அளவு பழையதாகவே இருக்கும், பிடிப்பு முன்பைவிட உறுதி. எம்6 ஹெலிகாயிலுக்கு 6.3 பிட், பெரிய அளவுகளுக்குக் கிட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே பிட்டைத்தான் போட வேண்டும். சுருளின் மேல்முனை முகத்துக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று உள்ளே இருக்க வேண்டும். அடியில் உள்ள நாக்கைக் கம்பியால் தட்டி உடைத்து, கட்டாயம் வெளியே எடுத்துவிட வேண்டும். ஆயில் போல்ட்டைப் போல அடிக்கடி கழற்றும் இடத்துக்குக் கம்பிச் சுருளைவிட, உள்ளும் புறமும் திரெட் உள்ள முழு உலோகப் புஷ் வகை இன்சர்ட்டையே நான் விரும்புகிறேன். கம்பிச் சுருள் சில நேரம் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும்.

எந்த வகை போட்டாலும் சீவல் உள்ளே போகக் கூடாது. டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் நிறையத் தடவினால் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்று வெட்டியதும் எடுத்துத் துடைத்து, புதுக் கிரீஸ் தடவ வேண்டும். வேலை முடிந்ததும் மேலே ஆயில் ஊற்றும் வாயில் மலிவான ஆயிலை ஊற்றிக் கீழே வழியவிட வேண்டும், வருகிற ஆயிலில் மினுமினுப்பு நிற்கும் வரை. ஸ்பார்க் பிளக் ஓட்டையிலும் இதே கிரீஸ் முறைதான். அதே இஎக்ஸ்5இல் பிளக் 10 மில்லிமீட்டர், பிட்ச் 1.0, ஹெட்டில் திரெட் நீளம் 12.7 மில்லிமீட்டர்தான். எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும்படி எஞ்சினைத் திருப்பி வைத்து, வேலை முடிந்த பிறகு காற்றடித்தால் மிச்சத் தூள் அந்த வழியே போகும்.

திரெட் கெடவில்லை, துருவும் அழுக்கும்தான் அடைத்திருக்கிறது என்றால் வெட்டும் டேப்பை உள்ளே விடவே வேண்டாம், அது நல்ல உலோகத்தையும் கொஞ்சம் எடுத்துவிடும். அதே அளவு பழைய போல்ட்டில் கிரைண்டரால் நீளவாக்கில் இரண்டு மூன்று பள்ளம் வெட்டிக்கொண்டால் அருமையான துப்புரவு டேப் ஆகும். அடி மூடிய ஓட்டையைக் கழுவிய பிறகு காற்றடித்து முழுக்கக் காய வைக்க வேண்டும். அடியில் ஆயில் தேங்கியிருக்க போல்ட்டை இறக்கினால் ஆயில் நசுங்காது, போக வழியும் இல்லை. அப்படி வார்ப்பு வெடித்த எஞ்சின் பிளாக்குகள் உண்டு.

உடைந்த ஸ்டட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லோரி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் எம்8, எம்10 ஸ்டட்கள் சூட்டிலும் துருவிலும் இறுகி, ஸ்பேனர் வைத்ததும் முறிந்துவிடும். கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் ஒரு நட்டை அதன் மேல் வைத்து உள்ளே வெல்டிங் நிரப்புவேன். பிடித்துத் திருப்ப தலை கிடைக்கிறது, அதைவிட முக்கியமாக அந்தச் சூடு துருவின் பிடியை விடவைக்கிறது. கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் முன்னும் பின்னும் அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். முகத்தோடு சமமாக முறிந்திருந்தால் டிரில்தான். முறிந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும். அதைத் தேய்த்துச் சமமாக்காமல், நடுக்குறி போடும் சென்டர் பஞ்ச் அடித்தால் குறி நழுவும். நடுவைக் குறிப்பதற்கு எடுக்கிற நேரம்தான் இந்த வேலையின் உயிர். இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள், பல முறை பாதி ஓட்டையிலேயே ஸ்டட் பிட்டோடு சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். வராவிட்டால் 3 மில்லிமீட்டரில் ஆரம்பித்துப் படிப்படியாக 6.8 வரை போனால், எம்8 ஸ்டட்டில் மிஞ்சுவது மெல்லிய திரெட் சுருள் மட்டும். அதைக் கொறடால் பிடித்து இழுத்துவிடலாம்.

முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு, ஈஸி அவுட் என்னும் இடப்பக்கம் திருகும் முள்ளை இறக்கித் திருகி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எஃகு ஸ்டட்டே முறியும் அளவுக்கு இறுகியிருக்கிறது. அதைவிட மெல்லிய, கெட்டியான, நொறுங்கும் தன்மையுள்ள ஒரு முள் அதை அசைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அது உள்ளே முறிந்தால் எச்.எஸ்.எஸ். பிட் அதைத் தொடவே தொடாது. டேப் உள்ளே முறிந்தாலும் இதே நிலைமைதான். அப்போது மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இ.டி.எம். மெஷினுக்குத்தான் போக வேண்டும். பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வலயம் தொடங்கியதிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு மோல்டும் டையும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் தீவிலும் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் பெருகின. அவர்களிடம் இந்த மெஷின் இருக்கும். ஹெட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஓட்டையின் திரெட் கெடாமல் நடுவில் உள்ளதை மட்டும் அரித்துக் கொடுப்பார்கள்.

அலுமினியச் சாமானில் சின்ன எஃகு ஸ்க்ரூ முறிந்திருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, படிகாரம் போதும். லெபோ பாசார் லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துச் சாமான் விற்கும் கடையில் வாங்கலாம். வெந்நீரில் கரையும் அளவுக்குக் கரைத்து, சாமானை அதில் மூழ்கவைத்து, கொதிக்காத சூட்டில் மணிக்கணக்காக வைத்திருந்தால் எஃகு கரைந்து கறுப்புத் தூளாகும், அலுமினியம் அப்படியே இருக்கும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வெகுகாலமாகச் செய்துவருவது இது. வாயு கிளம்பும், அதனால் வெளியே திறந்த இடத்தில் செய்ய வேண்டும். எஃகுப் பாத்திரம் ஆகாது. சாமானில் எஃகு புஷ்ஷோ பேரிங்கோ இருந்தால் அதுவும் கரையும். கார்புரேட்டரை மட்டும் இதில் போடாதீர்கள். பல வண்டிகளில் அதன் உடம்பு துத்தநாகக் கலவை, படிகாரம் அதைத் தின்றுவிடும்.

கடலோரத்திலிருந்து வரும் அவுட்போர்டு எஞ்சின்கள் வேறு மாதிரி. அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட், இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர். மின்வேதி அரிப்பில் அலுமினியம் வெள்ளைத் தூளாகிப் போல்ட்டைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். இங்கே பலத்தை விடச் சூடுதான் உதவும். ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரிகிறது, ஸ்டெயின்லெஸ் 16, 17 மைக்ரான்தான். ஹீட் கன்னால் உடம்பைச் சுற்றிச் சூடாக்கினால் ஓட்டை போல்ட்டைவிட அதிகமாகத் திறந்துகொடுக்கும். பெட்ரோல் டேங்கையும் ஹோஸையும் கழற்றித் தூர வைத்த பிறகுதான் சூடு. "மீன் பிடிக்கப் போகணும் தம்பி, சீக்கிரம் முடிச்சுக் கொடு" என்று அவசரப்படுத்துபவர்களிடம் நான் ஒன்றே கேட்பேன்: திரும்ப மாட்டும்போது போல்ட்டில் இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவ எனக்கு நேரம் கொடுங்கள் என்று. அது இருந்தால் அடுத்த முறை ஸ்பேனர் வைத்ததும் கழலும்.

தைப்பூச வேலைக்கு வருகிறேன். தண்ணீர்மலைக்கு எடுத்துப்போகும் பெரிய காவடிகளில் அலுமினியத் தகட்டுச் சட்டம் இருக்கும். ஒவ்வொரு வருடமும் கழற்றி, மாற்றி, மறுபடி பூட்டுவார்கள். 3 மில்லிமீட்டர் தகட்டில் நேரடியாக எம்6 டேப் அடித்துக் கேட்பார்கள். பிட்ச் 1.0 என்றால் 3 மில்லிமீட்டரில் பிடிப்பது மூன்றே திரெட். அலுமினியத்தில் போல்ட் விட்டத்தின் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழமாவது திரெட் வேண்டும், எம்6க்கு அது 9 முதல் 12 மில்லிமீட்டர். மூன்று திரெட்டில் நிற்கும் காவடி, ஆடிக்கொண்டே மலை ஏறும் ஒருவருடைய தோளில் இருக்கிறது. இந்த இடத்தில் நான் டேப் அடிக்க மறுத்துவிடுவேன். ஓட்டையை 6.5க்குப் போட்டு, போல்ட்டை ஊடுருவ விட்டு, நைலான் லாக் நட் போடுவேன். பின்பக்கம் கை போகாத இடத்துக்கு, முன்பக்கத்திலிருந்தே பொருத்தும் ரிவெட் நட். உடம்பில் படும் பக்கத்தில் போல்ட் முனை நீட்டிக்கொண்டிருக்காமல் வெட்டி, உருண்டை மூடி நட் போடுவேன். இதற்கு மட்டும் பேரம் பேசுவதில்லை, கூலியும் அதிகம் கேட்பதில்லை.

டிரில் பிரஸ்ஸில் துணிக் கையுறை போட்டு வேலை செய்யாதீர்கள். சுற்றும் பிட் ஒரு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி கட்டாயம், வார்ப்பிரும்புத் தூள் கண்ணில் விழுந்தால் தேய்க்கக் கூடாது. வேலைக்கு வரும் பையன்களிடம் நான் கோபப்படுவது இதற்கு மட்டும்தான்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எந்த டேப் வாங்குவது என்று கேட்கிறார்கள். மலிவான பெட்டி செட்டில் நாற்பது சாமான் இருக்கும், பெரும்பாலும் கார்பன் ஸ்டீல், முனை சீக்கிரம் மழுங்கும். அந்தப் பணத்துக்கு இரண்டு மூன்று நல்ல எச்.எஸ்.எஸ். டேப் வாங்கலாம், யமாவா, ஓ.எஸ்.ஜி. போன்ற ஜப்பானிய டேப்கள் கைக்கே வித்தியாசம் காட்டும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையிலும் தொழிற்சாலைகளிலிருந்து வந்த நல்ல டேப்கள் கிடைப்பதுண்டு. வாங்குவதற்கு முன் வெட்டுமுனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மினுங்கினால் மழுங்கிவிட்டது. தண்டில் உள்ள அளவு அழிந்திருந்தால் பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள், துருக்குழி விழுந்ததை விட்டுவிடுங்கள். எம்6, எம்8, எம்10 × 1.25 மூன்றும், அவற்றுக்கான 5.0, 6.8, 8.8 பிட்களில் இரண்டிரண்டும் இருந்தால் ஜப்பானிய வண்டிகளில் வரும் வேலையில் பெரும்பகுதிக்குப் போதும். எம்12 × 1.25ஐயும் எம்12 × 1.5ஐயும் வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.